தாய்ப்பலகை தெரிந்து தெளிதல்

கணினியை உறுப்புறுப்பாக வாங்கித் தாமே இணைத்துக்கொள்ள விரும்புவோர் முதற்கண் பேசுவது பிராசசரைப் பற்றியே. அடுத்து ராம், அதன்பின் கிராபிக்ஸ் கார்டு, பிறகு பெட்டியின் நிறமும் அதனுள் எரியும் விளக்குகளும். இவையெல்லாம் முடிந்து, கையிற் பணம் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்று எண்ணிப் பார்த்த பின்னரே மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் நினைவு வருகின்றது. வீடு கட்டுவோன் ஒருவன் கதவுக்கும் சன்னலுக்கும் தேக்கு வாங்கிவிட்டு, மிஞ்சிய காசில் கடைக்கால் இடுவதை இஃது ஒக்கும். ஏனைய உறுப்புகளில் ஒன்று பழுதுபட்டால் அதனை மட்டும் கழற்றி மாற்றலாம். தாய்ப்பலகை பழுதுபட்டாலோ, அனைத்தையும் கழற்றித் தரையிற் பரப்பினாலன்றி வேறு வழியில்லை.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வோர்க்குத் தாய்ப்பலகையோடு யாது தொடர்பு என நண்பர் சிலர் வினவக்கூடும். தொடர்பு பின்னர் விளங்கும். அதன்முன் ஒன்று சொல்லிவிடுகின்றோம். இக்கட்டுரையிற் கடைத்தெருவில் வழங்கும் பெயர்களையே பெரும்பாலும் எடுத்தாள்கின்றோம். செயலி, நினைவகம் என நல்ல தமிழ்ச் சொற்கள் உள்ளன. அவற்றின்பால் எமக்கும் பற்றுண்டு. ஆயினும் சென்னை ரிச்சி தெருவில் நின்று, "ஒரு செயலி தருக" என்று கேட்டால், கைப்பேசியில் ஏற்றும் ஆப் ஒன்றைக் கேட்கின்றோம் என்றே கடைக்காரர் கொள்வர். தூய தமிழ் அன்பர்கள் இம்முறை பொறுத்தருள்வாராக.

எம் தந்தையார் திருச்செந்தூருக்கு வடபாலுள்ள கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் அச்சுக்கூடம் வைத்திருக்கின்றார். அச்சுக்கூடம் என்பது பழைய பெயர். இன்று அங்குள்ளவை ஒரு கணினியும், இரண்டு பிரிண்டர்களும், ஒரு ஜெராக்ஸ் இயந்திரமும், ஒரு லேமினேஷன் பொறியுமே. கலியாண அழைப்பிதழ், கோயிற் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் உரிய நோட்டீசு, பள்ளிக்கூட வினாத்தாள், நினைவஞ்சலிச் சுவரொட்டி ஆகியவற்றால் எம் குடும்பம் உண்கின்றது, யாமும் படிக்கின்றோம். பாட்டனார் காலத்தில் அதே கூடத்தில் டிரெடில் ஒன்று இருந்தது. காலால் மிதித்து ஓட்டிய அவ்விரும்புப் பொறி நாற்பதாண்டு உழைத்தது. பழுதால் அன்று, வேலை இல்லாமையால் நின்றது. பொறி என்றால் அவ்வாறிருத்தல் வேண்டும் என்பது தந்தையாரின் கொள்கை. கணினியோ அக்கொள்கைக்கு இணங்கவில்லை.

2012இல் எம் கடைக்குக் கணினி வந்தது. 2016இல் அதன் தாய்ப்பலகை மாண்டது. அதே சாக்கெட்டுடைய புதிய பலகை அப்பொழுது கடைகளில் அருகிவிட்டமையால், பழுது பார்த்து மறுவிற்பனைக்கு வந்த ஒன்றைப் பொருத்தினார்கள். அது 2020 வரை ஓடிற்று. அதற்குப் பின் வந்ததும் அத்தகையதே. அது 2025ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், பதினொரு கலியாண அழைப்பிதழ்கள் முடியாமற் கையிலிருக்கும் பொழுது நின்றது. தந்தையார் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துண்டிற் சுற்றிப் பையிலிட்டுக்கொண்டு, பேருந்தேறிப் பக்கத்து ஊருக்குச் சென்று, இத்தனை ஆண்டும் தமக்குப் போட்டியாயிருந்த கடையிலேயே அமர்ந்து பதினொன்றையும் முடித்துக் கொடுத்தார். அக்கடைக்காரர் நல்லவர், கூலியைக் குறைத்தே வாங்கினார். ஆயினும் நான்கு நாள் பிறர் நாற்காலியில் அமர்ந்து தம் வாடிக்கைக்காரர் வேலையைச் செய்ததைப் பற்றித் தந்தையார் எம்மிடம் இன்றளவும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்னையார் சொல்லியே அறிந்தோம். தந்தையார் தொலைபேசியிற் சொன்னது இவ்வளவே: "நீ மெட்ராஸ்லதானே இருக்க. நாலு பேர்கிட்ட விசாரிச்சு நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா. பத்து வருஷம் ஓடணும்." மானிட்டரும் பிரிண்டரும் நீங்கலாக மற்றெல்லாவற்றுக்கும் அவர் அனுப்பிய தொகை நாற்பத்தையாயிரம் ரூபாய். கடையில் அரைக்கதவு திறந்து ஜெராக்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாண்டு என்னும் அச்சொல்லே எமக்கு அளவுகோலாயிற்று. விரைவு மிக்க பலகை எது, அழகிய பலகை எது என்னும் கேள்விகள் அப்பொழுதே ஒழிந்தன. பலகைகள் எதனால் மாள்கின்றன என்பதை அறியத் தொடங்கினோம்.

பழைய பலகைகளுள் இரண்டாவது மாண்டபொழுது, பழுது பார்ப்பவர் அதனைத் திறந்து எமக்குக் காட்டியது நினைவிலிருந்தது. பிராசசரைச் சுற்றிச் சிறு உருளைகளாக நின்ற கெப்பாசிட்டர்களின் தலைகள், புளித்த மாவுபோல் உப்பியிருந்தன. இந்நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. 2000த்தை அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் எண்ணற்ற தாய்ப்பலகைகள் இவ்வாறே மடிந்தன. அவ்வுருளைகளுள் அலுமினியத் தகடும், நீர் கலந்த மின்பகுநீர்மமும் இருக்கும். நீர் அலுமினியத்தை அரிக்காதபடி காக்கும் மருந்து அந்நீர்மத்திற் சரியான அளவிற் சேர்ந்திருத்தல் வேண்டும். அது குறைந்துபோன மலிவுச் சரக்கில் அரிப்பு நிகழ்ந்து ஹைட்ரஜன் வாயு பிறந்தது. வாயுவின் அழுத்தத்தால் உருளையின் தலை உப்பி, அங்கே கீறி வைத்திருக்கும் கோட்டின் வழியே வெடித்தது. பெருங்குழுமங்களும் தப்பவில்லை. 2003 முதல் 2005 வரை செய்த கணினிகளிற் கெப்பாசிட்டர் கெட்டமையால், டெல் குழுமம் 2005இல் பழுது நீக்கத்திற்கென 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. ஒரு கெப்பாசிட்டரின் விலையோ சில காசுகள்.

இன்று விற்கும் பலகைகளிற் பெரும்பாலானவை, நீர்மத்திற்கு மாற்றாகத் திண்மப் பொருள் வைத்த சாலிட் கெப்பாசிட்டர் உடையவை. ஆதலின் பழைய நோய் ஒருவாறு ஒழிந்தது எனலாம். ஆயினும் அவ்வரலாற்றிலிருந்து யாம் கற்ற கணக்கு ஒன்று இன்றும் பயனுடையது. நீர்மக் கெப்பாசிட்டரின் வாழ்நாளை 105 பாகை வெப்பத்தில் 2000 மணி நேரம் என்பது போற் குறிப்பர். வெப்பம் பத்துப் பாகை குறையுந்தோறும் வாழ்நாள் இரட்டிக்கும் என்பது பொறியாளர் வழங்கும் பொது விதி. 75 பாகையில் அஃது 16,000 மணியாகும். 65 பாகையில் 32,000 மணியாகும். எம் கடை ஆண்டுக்கு முந்நூறு நாள், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் இயங்குகின்றது. ஆண்டுக்கு 3,000 மணி. ஆகவே 75 பாகையில் ஐந்தாண்டும் சில திங்களும்; 65 பாகையிற் பத்தாண்டைத் தாண்டிவிடும். திண்ம வகையில் வெப்பம் குறைவதால் வரும் ஆதாயம் இதனினும் மிகுதி. தந்தையார் கேட்ட பத்தாண்டு என்பது, எம் கடையளவில், பத்துப் பாகை வெப்பத்தைக் குறைப்பது எப்படி என்னும் கேள்வியாக மாறிற்று.

வெப்பம் பிறக்குமிடம் எது? தாய்ப்பலகையிற் பிராசசரை அடுத்து, மின்சாரத்தை அதற்கேற்றபடி மாற்றிக் கொடுக்கும் பகுதியொன்று உண்டு, விஆர்எம் என்பர். எஸ்எம்பிஎஸ் என்னும் மின்பெட்டி தருவது 12 வோல்ட். பிராசசர் உண்பதோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட அளவு. வோல்ட்டைக் குறைக்குங்கால், அதே ஆற்றலைக் கொண்டுசெல்ல ஆம்பியர் மிகும். ரைசன் 9 7950எக்ஸ் என்னும் பெரிய பிராசசர் உச்ச வேலையில் 230 வாட் வரை இழுக்கும், 1.2 வோல்ட் எனக் கொண்டால் ஏறத்தாழ 190 ஆம்பியர். வீட்டுச் சுவரிலுள்ள சிறு பிளக்கு தாங்குவது 6 ஆம்பியரே என்பதை எண்ணிப் பார்க்க. இத்துணைப் பெருமின்னோட்டம் உள்ளங்கை அகலமுள்ள ஓரிடத்திற் பாய்கின்றது. அதனைத் தனியொரு வழியில் விடாமற் பேஸ் எனப்படும் பல வழிகளிற் பகிர்ந்து விடுகின்றனர். திருவிழாச் சப்பரத்தை நால்வர் தூக்குவதற்கும் எண்மர் தூக்குவதற்கும் உள்ள வேற்றுமை இஃது. எண்மர் தூக்கினால் ஒருவர் தோளும் கன்றுவதில்லை. ஆனால் பலகையின் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் பேஸ் எண்ணிக்கையை அப்படியே நம்புதல் ஆகாது. ஒரே வழியில் இரண்டிரண்டு உறுப்புகளை இணைத்து வைத்து, இரண்டாக எண்ணி எழுதும் வழக்கமும் உண்டு. நால்வரை நிறுத்தி அவர்தம் கைகளை எண்ணி எண்மர் என்பது போல. அவ்வுறுப்புகளின் மேல் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியக் கட்டி கனமாக அமர்ந்திருக்கின்றதா என்று கண்ணாற் பார்ப்பதே எளிய சோதனை. மலிவுப் பலகைகள் சிலவற்றில் அக்கட்டியே இராது.

எம் விடுதியிற் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் பதினான்கு பேஸுடைய விலை மிக்க பலகையை வாங்குமாறு வற்புறுத்தினார். அது குளிர்ச்சியாக இயங்கும் என்பது மெய்யே. ஆயினும் எண்மர் தூக்கும் சப்பரத்துக்கு இருபதின்மரை அழைப்பானேன்? அழைப்பிதழ் அமைக்கும் கடைக்குக் கோரல் டிராவும் போட்டோஷாப்பும் ஓடினால் போதும். யாம் ரைசன் 5 7600 என்பதைக் குறித்து வைத்திருந்தோம். அதன் அளவு 65 வாட். உச்சத்திற் கூட 88 வாட்டைத் தாண்டாது. படக்காட்சிக்குரிய பகுதியும் அதனுள்ளேயே இருப்பதாற் கிராபிக்ஸ் கார்டு தனியே வேண்டா. சிறிய பிராசசரை நடுத்தரமான பலகையிற் பொருத்துவதே, பெரிய பிராசசரை உயர்ந்த பலகையிற் பொருத்துவதினும் நீடித்து உழைக்கும் வழியென்பது எம் துணிபு. விலை மிக்க பலகைகளில் மேற்கொண்டு கொடுக்கும் பணத்திற் கணிசமான பகுதி விளக்குகளுக்கும், வேகத்தை வரம்பு கடந்து ஏற்றும் வசதிகளுக்கும் போகின்றது. அவ்வசதிகள் கடைக்காரருக்கு வேண்டாதன மட்டுமல்ல, தீங்கும் ஆகலாம்.

தீங்கு என்றது வெறும் அச்சத்தாலன்று. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், ஏஎம்5 சாக்கெட்டுப் பலகைகள் சிலவற்றிற் புத்தம் புதிய பிராசசர்கள் கருகிய செய்தி வெளிவந்தது. ராமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போ என்னும் ஏற்பாட்டை இயக்கியவுடன், பலகை தானே பிராசசரின் ஒரு பகுதிக்கு வேண்டியதினும் மிக்க வோல்ட்டைக் கொடுத்ததே காரணம். பின்னர் அவ்வோல்ட் 1.3ஐத் தாண்டலாகாது என ஏஎம்டி வரம்பிட்டது. பலகை செய்வோர் புதிய பயாஸ் வெளியிட்டனர். 2024இல் இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைப் பிராசசர்கள் சில நிலைகுலைந்தன. அங்கும் மிகை வோல்ட்டே நோய். அவ்வாண்டு ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது. இன்னும் முன்னே சென்றால், 2011 சனவரி 31இல், இன்டெல் தன் புதிய சிப்செட்டில் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் வாயில்கள் சில நாளடைவில் நலியும் எனத் தானே அறிவித்து, அச்சரக்கை நிறுத்தியது. மாற்றிக் கொடுக்கும் செலவு 70 கோடி டாலர் என மதிப்பிட்டது. அச்சிப்செட்டைத் தாங்கிய பலகைகளை யார் செய்திருப்பினும், எத்துணை உயர்ந்த கெப்பாசிட்டர் வைத்திருப்பினும், குறை ஒன்றே.

ஆகவே, "எந்தக் கம்பெனிப் பலகை கெடாது?" என்று கேட்பாரை நோக்கி யாம் வியக்கின்றோம். கெடாத கம்பெனி இல்லை. கெட்ட பின் என் செய்கின்றது, பயாஸ் திருத்தம் எத்தனை ஆண்டு தருகின்றது, அதன் சர்வீஸ் நிலையம் எங்கே இருக்கின்றது என்பவையே கேட்கத் தக்கன. பயாஸைப் பற்றி மேலும் ஒரு செய்தி. ஏஎம்4 சாக்கெட்டுக்கு அடுத்தடுத்து வந்த பிராசசர்கள் பலவாகவே, பழைய பலகைகளில் இருந்த 16 எம்பி பயாஸ் சிப்பில் அத்தனைக்கும் இடம் போதவில்லை. 2020 மே மாதத்தில் ஏஎம்டி, 400 வரிசைப் பலகைகளில் வரப்போகும் புதிய பிராசசர் இயங்காது என்றது. வாங்கியோர் எதிர்ப்பெழுப்பவே அம்மாதத்திலேயே கருத்தை மாற்றிக்கொண்டது. அரசவையில் இருக்கை போதாமற் புலவர் வெளியே நின்ற கதை கேட்டிருக்கின்றோம். சிப்பிலும் அத்தகைய நெருக்கடி உண்டென அன்றே அறிந்தோம்.

நிற்க, எம் மூன்று பலகைகளின் கதையில் மற்றோர் உண்மை மறைந்திருந்தது. முதற் பலகை மாண்டபொழுது, அதே சாக்கெட்டில் நல்ல பலகையொன்று புதிதாகக் கிடைத்திருந்தால், பழம் பலகைகளின் பின் அலைய நேர்ந்திராது. ஒரு பலகை ஆறாம் ஆண்டில் மாண்டாலும், அதனிடத்தில் வேறு கம்பெனியின் புதுப் பலகையை வைத்து, பிராசசரையும் ராமையும் அப்படியே பொருத்த இயலுமாயின், அக்கணினி மாளவில்லை என்றே சொல்லலாம். அளவில் இவ்வசதி என்றோ வந்துவிட்டது. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அளவை அனைவரும் கைக்கொண்டமையால், எவர் பலகையும் எவர் பெட்டியிலும் திருகாணித் துளை மாறாமல் அமர்கின்றது. சாக்கெட்டில் மட்டும் அவ்வொருமை இல்லை. இன்டெலின் எல்ஜிஏ 1151 என்னும் சாக்கெட்டு 2015இல் வந்தது. 2017இல் அதே எண்ணிக்கை ஊசிகளோடு வந்த புதிய பிராசசர்கள் பழைய பலகைகளில் இயங்க மறுத்தன. 2021இல் வந்த எல்ஜிஏ 1700க்கு 2024இலேயே மாற்று வந்துவிட்டது. ஏஎம்4 சாக்கெட்டோ 2016இல் தோன்றியது. 2024இலும் அதற்கெனப் புதிய பிராசசர் வெளிவந்தது. அதன் வழி வந்த ஏஎம்5ஐ 2027 வரையிலும் அதற்கப்பாலும் பேணுவதாக ஏஎம்டி உரைத்திருக்கின்றது. வணிகர் வாக்கு வேதவாக்கன்று. ஆயினும் முன்னர் எட்டாண்டு காத்தவர் என்பது ஒரு சான்றே. யாம் ஏஎம்5இன்பாற் சாய்ந்தமைக்கு, வேகத்தைக் காட்டிலும் இதுவே காரணம்.

இவ்வளவும் குறித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ரிச்சி தெரு சென்றோம். அண்ணா சாலையை அடுத்த அத்தெருவும், அதனோடு ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும், மின்னணுப் பொருள்களின் கொத்தவால்சாவடி எனலாம். தெருவின் அகலம் சிறிது. அதிற் பாதியைப் பெட்டி சுமப்போரும் மீதியை இருசக்கர வண்டிகளும் கொண்டன. முதல் மூன்று கடைகளில் எம்மை அணுகியவர்கள், வண்ண விளக்கெரியும் பலகைகளையே காட்டினர். நான்காவது கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் தெற்கத்தியவர் என்பது வாய் திறந்தவுடன் தெரிந்தது. ஆதலின் அண்ணாச்சி என்றே விளித்தோம். எம் தாளை வாங்கிப் படித்தார். கடை எங்கே, என்ன வேலை, இதுவரை எத்தனை பலகை போயிற்று என்று கேட்டார். மூன்று என்றோம்.

"மூணுமே கெப்பாசிட்டரா?"

"இல்லை அண்ணாச்சி. ஒன்று மட்டும் உப்பியிருந்தது. மற்றவற்றில் ஒன்றும் தெரியவில்லை."

"பெட்டியத் தொட்டா சுர்ருனு இருக்குமா தம்பி?"

யாம் திகைத்துப் போனோம். இருக்கும். சிறு பருவத்தில் அக்கணினிப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுக் கையை இழுத்துக்கொள்வது எமக்கும் தங்கைக்கும் ஒரு விளையாட்டு. தந்தையார் அதனாலேயே மேசையின் கீழே காலடியில் ஒரு மரப்பலகை போட்டு, அதன்மேற் கால் வைத்தே வேலை செய்வார். அஃது அக்கணினியின் இயல்பென்றே வீட்டில் அனைவரும் கொண்டிருந்தனர்.

"அப்ப எர்த் இல்ல. நீங்க எந்தப் போர்டு வாங்குனாலும் நாலு வருஷந்தான்" என்றார் அவர்.

அவர் விளக்கியதையும் பின்னர் யாம் நண்பரிடம் கேட்டுத் தெளிந்ததையும் சேர்த்துக் கூறுவோம். எஸ்எம்பிஎஸ்ஸினுள், இரைச்சலைத் தணிக்கும் பொருட்டு, சுவரிலிருந்து வரும் கம்பிகள் இரண்டையும் இரும்புப் பெட்டியோடு இணைக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. பிளக்கின் மூன்றாம் முனையாகிய எர்த் வழியே அம்மின்சாரம் நிலத்துக்குப் போய்விடுதல் வேண்டும். எர்த் இல்லையாயின் பெட்டி, 230 வோல்ட்டின் பாதியை அடுத்த அழுத்தத்தில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிதாதலின் ஆளைக் கொல்லாது, சுர்ரென்னும். ஆனால் வேறொரு பிளக்கில் இருக்கும் பிரிண்டரின் கேபிளைக் கணினியிற் செருகும் அந்நொடியில், இரண்டுக்குமுள்ள அழுத்த வேற்றுமை அக்கேபிள் வழியே தாய்ப்பலகைக்குள் இறங்கும். ஒருநாளிற் கொல்லாது, நாள்தோறும் கொல்லும். எம் கடையில் ஒரே கேபிளை இரண்டு பிரிண்டருக்கும் மாற்றி மாற்றிச் செருகுவது வழக்கம்.

அக்கடைக்காரர் வேறு யாரேனுமாயின் விலை மிக்க பலகையொன்றைத் தலையிற் கட்டி அனுப்பியிருப்பர். இவரோ எம் தாளில் எழுதியிருந்த பலகையை அடித்துவிட்டு, நாலாயிரம் ரூபாய் குறைந்த பி650 சிப்செட்டுப் பலகையொன்றை எழுதினார். அதிலும் கனத்த அலுமினியக் கட்டி இருந்தது. பிராசசர் இல்லாமலே பயாஸைத் திருத்த உதவும் பொத்தானும் இருந்தது. விளக்கு ஒன்றும் இல்லை. மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதியை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சேர்க்கச் சொன்னார். மற்றொரு பகுதிக்கு அவர் கடையில் விற்பதற்கு ஒன்றுமில்லை. "ஊருக்குப் போய் எர்த் போடுங்க" என்றார். பலகையின் பெயரை ஈண்டு எழுதின் விளம்பரமாகும். அப்பெயரினும் அவர் கேட்ட கேள்வியே பெரிது.

வாங்குமிடத்திற் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுவோம். ஏஎம்5 சாக்கெட்டில் நுண்ணிய ஊசிகள் 1718 உள்ளன; அவை பிராசசரில் அல்ல, பலகையிலேயே இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் போயிற்று. ஆகவே கடையிலேயே உறையைப் பிரித்து, பிளாஸ்டிக் மூடியை எடுத்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்து ஊசி வரிசையை நோக்குதல் வேண்டும். ஒழுங்காயிருந்தால் வயற்காட்டு நாற்றுப் போல ஒரே சாய்வாகத் தோன்றும். பார்த்தபின் மூடியை எறிந்துவிடலாகாது. பலகை பழுதுபட்டுத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் மூடி இல்லாத பலகையை ஏற்க மறுப்பர். பில்லிற் பலகையின் சீரியல் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டோம்.

புரட்டாசியில் ஊருக்குச் சென்றதும், பெட்டிகளைப் பிரிக்கும் முன்னரே எலக்ட்ரீசியனை அழைத்தோம். அவர் கடைச் சுவரின் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். மூன்றாம் துளைக்குப் பின்னே கம்பியே இல்லை. கட்டிடம் கட்டிய நாளிலிருந்தே இல்லை. தந்தையார் அத்துளையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாட் காலை கடையின் பின்புறத்திற் குழி தோண்டி, ஜிஐ குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காய் இட்டு மூடி, அதிலிருந்து பச்சைக் கம்பி இழுத்துப் பிளக்குகள் அனைத்துக்கும் கொடுத்தார்கள். குழி ஈரமாயிருத்தல் வேண்டுமென்று எலக்ட்ரீசியன் சொன்னமையால், கருவேப்பிலை மரத்துக்கு ஊற்றும்பொழுது அதற்கும் ஒரு குடம் ஊற்றும் பொறுப்பை அன்னையார் ஏற்றுக்கொண்டார். பிரிண்டருக்கு ஒன்றாக இரண்டு கேபிள் போட்டு, இனி எதையும் பிடுங்கிச் செருக வேண்டாதபடி செய்தோம்.

பின்னரே கணினியை இணைத்தோம். பயாஸைப் புதுப்பித்து, ராமின் வேகத்தை ஏற்றும் ஏற்பாட்டைத் தொடாமல் விட்டு, அன்றிரவு முழுவதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓடவிட்டோம். விடியலில் ஒரு பிழையும் இல்லை. பெட்டியை உப்புக்காற்று வரும் சன்னலோரத்திலிருந்து உட்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். பல்லியும் எறும்பும் புகாதபடி பின்புறத்துத் திறப்புகளைத் தகட்டால் அடைத்தோம். பலகை வந்த அட்டைப்பெட்டி, பில், பிளாஸ்டிக் மூடி ஆகிய மூன்றையும் அன்னையார் நிலப்பத்திரங்களோடு இரும்பலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் தந்தையார் முதல் வேலையாக ஒரு புதுமனை புகுவிழா அழைப்பிதழை எடுத்தார். நாற்காலியில் அமருமுன் பெட்டியின் பின்புறத்தைப் புறங்கையால் ஒருமுறை தொட்டார், மறுபடியும் தொட்டார். பிறகு வேலையில் ஆழ்ந்தார். மேசையின் கீழ் மரப்பலகை முன்போலவே கிடந்தது. "இனி இது எதுக்குப்பா, எடுத்துரலாமே" என்றோம். திரையினின்று கண்ணை எடுக்காமல், "கிடக்கட்டும்" என்றார்.